மனைவியை இறக்கிவிட்டுக் கிளம்பிய படகு

1888 ஜூனில் ஆங்கில எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோமுக்குக் கல்யாணம். மணப்பெண் ஜார்ஜினாவுக்கு முதல் கணவரிடமிருந்து விவாகரத்து கிடைத்து ஒன்பதே நாள் ஆகியிருந்தது. தேனிலவுக்கு இருவரும் தேம்ஸ் நதியில் படகேறிப் போனார்கள். ஊர் திரும்பியதும் ஜெரோம் எழுத உட்கார்ந்தார். அந்தப் புத்தகத்தின் படகில் மனைவிக்கு இடமில்லை. ஜார்ஜ், ஹாரிஸ் என்று இரண்டு நண்பர்களும் மாண்ட்மோரன்சி என்ற நாயும் ஏறிக்கொண்டார்கள். புதுப் பெண்டாட்டி இதற்கு என்ன சொன்னாரோ!

நண்பர்கள் நிஜம். ஜார்ஜ் என்பவர் வங்கி ஊழியர் ஜார்ஜ் விங்ரேவ். ஹாரிஸ் என்பவர் அச்சுத் தொழிலில் இருந்த கார்ல் ஹென்ட்ஷல். மூவரும் சேர்ந்து தேம்ஸில் துடுப்பு வலித்துப் பழகியவர்கள்தான். நாய் மட்டும் கற்பனை.

ஜெரோம் எழுத நினைத்தது தேம்ஸ் நதியின் கதை. கரையோரக் காட்சிகள், அரண்மனைகள், சரித்திரம், நடுநடுவே வாசகர் அலுக்காமல் இருக்கக் கொஞ்சம் சிரிப்பு. லண்டனின் செல்சியில் மாடி வீட்டு ஜன்னலுக்கு வெளியே நதி ஓட, சிரிப்புப் பகுதிகளை முதலில் எழுதித் தீர்த்துவிட்டு அப்புறம் பொறுப்பாகச் சரித்திரத்துக்கு வரலாம் என்று திட்டம். சிரிப்பு தீரவே இல்லை. பிடிவாதமாக அத்தியாயத்துக்கு ஒன்றாகச் சரித்திரத்தைச் செருகிப் பார்த்தார். ‘ஹோம் சைம்ஸ்’ பத்திரிகையில் இதைத் தொடராக வெளியிட்ட எஃப். டபிள்யூ. ராபின்சன் அவற்றில் பெரும்பாலானதை வெட்டி எறிந்தார். முதலில் வைத்திருந்த தலைப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை. பாதி எழுதிய பிறகுதான் ‘படகில் மூவர்’ என்ற பெயர் ஜெரோமுக்குத் தோன்றியது. இவையெல்லாம் 1926இல் தன் வாழ்க்கைக் கதையில் அவரே சொன்னவை.

ராபின்சனுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். வெட்டுக்குத் தப்பிய இடங்கள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. தேம்ஸ் கரையிலுள்ள ரன்னிமீடில் 1215இல் இங்கிலாந்தின் ஜான் மன்னன் மாக்னா கார்ட்டா உரிமைச் சாசனத்துக்குப் பணிந்த காட்சியை ஜெரோம் மிக அழகாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் எப்போது படகுக்குத் திரும்புவார் என்று நாம் காத்திருக்கிறோம். அன்னாசிப்பழ டின் வரும் இடத்தில் அப்படியில்லை. டின் இருக்கிறது, திறக்கிற கருவியைக் கொண்டுவரவில்லை. ஹாரிஸ் பேனாக்கத்தியால் குத்தினால் கத்தி உடைந்து கையில் காயம். ஜார்ஜ் எடுத்த கத்தரிக்கோல் துள்ளி, கண் போகத் தெரிந்தது. கல்லும் பாய்மரக் கம்பமும் கொண்டு மூவரும் அடித்த அடியில் டின் எத்தனையோ வடிவம் எடுத்தது. திறக்க மட்டும் முடியவில்லை. கடைசியில் ஹாரிஸ் அதை ஆற்றில் வீசினார்.

ரயிலேறி வந்து விடுமுறையில் படகு வலித்த லண்டன் குமாஸ்தாக்களுக்கு இந்தச் சிரிப்பு பிடித்துப்போனது. அவர்களுடைய பேச்சு வாடையே நடையில் அடிக்கிறது என்று மேல்தட்டு விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். பெற்றோரை இழந்து, பதின்வயதில் ரயில் கம்பெனியில் தண்டவாளத்தோரம் சிந்திய நிலக்கரி பொறுக்கும் வேலை பார்த்த ஜெரோமுக்கு அது வசவாகவா பட்டிருக்கும்?

1889இல் பிரிஸ்டலின் ஆரோஸ்மித் நிறுவனம் நூலாகப் போட்டது. விற்பனை பறந்தது. அமெரிக்காவில் விற்ற திருட்டுப் பதிப்புகள் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் என்பார்கள். ஜெரோமுக்குக் காசு வரவில்லை. வெளிநாட்டு எழுத்தாளர்களுக்குக் காப்புரிமை தரும் சட்டத்தை அந்த நாடு 1891இல்தான் கொண்டுவந்தது.