இடித்துத் தள்ளிய மேயர்

ஊரை அழகாக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால், எனக்கு ரியோ டி ஜெனீரோவின் மேயர் பெரெய்ரா பாசோஸ்தான் ஞாபகத்துக்கு வருவார்.

1902இல் பிரேசில் அதிபர் அவரை நியமித்தபோது வயது 66. பொறியாளர். இளவயதில் பாரிஸில் இருந்தவர். பழைய தெருக்களை இடித்து அங்கே அகலச் சாலைகள் போட்டதைக் கண்ணால் பார்த்தவர். கையில் நாலே வருஷம். சந்துகளை அகலமாக்கினார், கடலோரச் சாலை போட்டார். மத்திய அரசு தன் பங்குக்கு 33 மீட்டர் அகலத்தில் அவெனிடா சென்ட்ராலை 1905இல் திறந்தது. வீடுவீடாகப் பசுவை ஓட்டிப்போய்ப் பால் கறந்து விற்பதற்குக்கூடத் தடை!

நகர நடுவில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒண்டுக்குடித்தனங்கள் தரைமட்டமாயின. ‘இடித்துத் தள்ளு’ என்றே மக்கள் அந்தக் காலத்துக்குப் பெயர் வைத்தார்கள். 1904இல் கட்டாய அம்மைத் தடுப்பூசியை எதிர்த்துக் கலவரம் வெடித்தபோது, வீடிழந்த கோபமும் அதில் சேர்ந்துகொண்டது.

வேலை நகருக்குள்தானே இருக்கு, தூரமாப் போய் என்ன செய்வது? பலர் பக்கத்து மலைச்சரிவுகளில் ஏறினார்கள். அங்கே ஏற்கெனவே முளைத்திருந்த ஃபவேலா குடிசைகள் பெருகின.

அந்தச் சாலையில் அன்று எழுந்த மாளிகைகளில் பெரும்பாலானவை பின்னாளில் அடுக்குமாடிகளுக்காக இடிக்கப்பட்டுவிட்டன. மலைமேல் ஃபவேலாக்கள் இன்றும் இருக்கின்றன.