புளியஞ்சோலை மழையில் புதுப் பெரிலியம்

கொல்லிமலை அடிவாரத்தில், துறையூர் வட்டத்துப் புளியஞ்சோலையில் பாறைக்குப் பாறை தாவி இறங்குகிறது அய்யாறு. மலைமேல் ஆகாய கங்கையாக விழுந்து வரும் நீர் அது. அந்த நீரிலுள்ள ஹைட்ரஜனின் அணுக்கருக்கள் ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், பெருவெடிப்பை ஒட்டியே உண்டானவை. கூட இருக்கும் ஆக்சிஜனோ வெகுகாலம் கழித்து விண்மீன்களுக்குள் உருவானது.

பெருவெடிப்புக்குப் பின் சில நிமிடங்களில் புரோட்டானும் நியூட்ரானும் கூடி ஹீலியம் ஆயின. அன்றைய அணுக்களின் எடையில் முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம். லித்தியம் மிகச் சொற்பம். அத்தோடு உற்பத்தி நின்றது. நிறை எண் 5, 8 இரண்டிலும் நிலைத்து நிற்கும் அணுக்கரு கிடையாது. அந்த இடைவெளிகளைத் தாண்டுவதற்குள் பிரபஞ்சம் விரிந்து ஆறிவிட்டது.

கார்பன் முதலான கனமான தனிமங்கள் பின்னர் விண்மீன்களுக்குள் உருவாயின என்றால், கணக்கு இடிப்பது ஹீலியத்துக்கும் கார்பனுக்கும் நடுவில் நிற்கும் மூன்றிடம்தான்: லித்தியம், பெரிலியம், போரான். விண்மீனின் உள்வெப்பம் இவற்றுக்கு ஆகாது. சில பத்து லட்சம் டிகிரியிலேயே அழிந்துபோகும். அப்படியானால் காங்கேயத்தை அடுத்த படியூரில் வெட்டியெடுத்த பெரில் கற்களுக்குள் பெரிலியம் எப்படி வந்தது? நொய்யல் கரைக் கொடுமணலில் அந்தக் கல்லைப் பட்டை தீட்டி மணி கோத்த தொழிற்கூடங்களை அகழாய்வு காட்டியிருக்கிறது. பதிற்றுப்பத்தும் அவ்வூர் அணிகலன்களைப் பேசுகிறது. ரோமர்கள் இந்தியப் பெரிலுக்கு ஆசைப்பட்டார்கள். இத்தனை பேர் கைமாறிய கல்லின் மூலப்பொருள் எங்கே பிறந்தது என்பதற்கு 20ஆம் நூற்றாண்டில்தான் விடை கிடைத்தது.

வானியற்பியலாளர்கள் ரீவ்ஸ், ஃபவுலர், ஹாயில் மூவரும் 1970இல் அதை எழுதினார்கள். ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் காஸ்மிக் கதிர்கள், விண்மீன்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கருக்களை மோதி உடைக்கின்றன. அந்தச் சிதறல்களே பெரிலியமும் போரானும். லித்தியத்துக்கு வேறு பிறப்பிடங்களும் உண்டு. மற்றவை சேர்ந்து உருவாக, இவை உடைந்து உருவானது வியப்புக்குரிய விதிவிலக்கு.

இந்த உடைப்பு நம் தலைக்கு மேலும் ஓயாமல் நடக்கிறது. காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது தெறிக்கும் துகள் மழையைத்தான் உதகையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் பதிவு செய்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் உடைந்து பெரிலியம்-7 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு உண்டாகும். தூசியில் ஒட்டி மழையோடு தரையிறங்கும். 1950களிலேயே மழைநீரில் அதைத் தேடி அளந்தவர்களில் அதே நிறுவனத்தின் தேவேந்திர லாலும் ஒருவர்.

ஐப்பசி அடைமழையில் கொல்லிமலைச் சரிவில் இறங்கும் பெரிலியம்-7, மேல்மண்ணின் ஓரிரு சென்டிமீட்டருக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. 53 நாளில் பாதி லித்தியம்-7 ஆகிவிடும். பெருவெடிப்புக் கால லித்தியத்தின் பெரும்பகுதியும் இதே பெரிலியம்-7 மாறி வந்ததுதான். மண்ணில் பெரிலியம்-7 மேலோட்டமாகவே தங்குவதால், ஒரு மழைக்கு எவ்வளவு மண் அரித்துப் போனது என்று கணிக்க உலகெங்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். மரவள்ளியும் மிளகும் விளையும் இந்தச் சரிவுகளுக்கு அந்தக் கணக்கு அவசியம் வேண்டும். பெரிலியம்-7 வெளியிடும் காமாக் கதிரின் ஆற்றல் 478 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நல்ல ஜெர்மானியம் அளவி இருந்தால் அடையாளம் கண்டுவிடலாம். திருச்சி, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் வரும் வடகிழக்குப் பருவமழையிலேயே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.