ஏறத்தாழ: முந்திரிக் கணக்கிலிருந்து நயா பைசா வரை

'ஏறத்தாழ' என்பது நுட்பமான சொல். சொல்லப்படும் அளவு உண்மையான அளவுக்குச் சற்று ஏறியும் இருக்கலாம், சற்றுத் தாழ்ந்தும் இருக்கலாம் என்பதை அது தன் உறுப்புகளிலேயே வைத்திருக்கிறது. ஏற்றமும் தாழ்வும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்ற நம்பிக்கையும் அதனுள் அடங்கியுள்ளது. அந்த நம்பிக்கை எல்லா இடத்தும் மெய்யாயிற்றா என்பது தமிழர் கணக்கு வழக்கின் வரலாற்றைப் பார்ப்போர் கேட்கத்தக்க கேள்வியாகும்.

முதலில், மிச்சத்தை விடாத கணக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்துக் கல்வெட்டுகள் கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தைக் குறிக்கின்றன. வேலியில் தொடங்கி, மா, காணி, அரைக்காணி, முந்திரிகை என்று இறங்கி, அங்கும் நில்லாமல் 'கீழ்' என்ற சொல்லைப் பெய்து மேலும் இறங்குகின்றன. முந்திரி என்பது ஒன்றில் 320-இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அந்த முந்திரியிலும் 320-இல் ஒரு பங்கு. அதாவது 1,02,400-இல் ஒன்று. இன்னொரு 'கீழ்' இறங்கினால் 3,27,68,000-இல் ஒன்று. ஒரு வேலியை இக்கால வழக்கப்படி ஆறரை ஏக்கருக்குச் சற்று மிகுதி என்று கொண்டால், இந்த இரண்டாம் 'கீழ்' உள்ளங்கையில் அடங்கிவிடும் மண்ணாகும். எந்த அளவுகோலாலும் வயலில் அளந்து காட்ட முடியாத இடம் அது. ஆகவே அது கண்டளந்த நிலமன்று. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, இறையிலி நீக்கி, வகுத்தபோது ஏட்டில் எஞ்சிய எண் எனல் பொருந்தும். எஞ்சியதைத் தள்ளிவிட அக்காலக் கணக்கர்க்கு மனம் வரவில்லை.

வீண் நுணுக்கம் என்று இதை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அக்கல்வெட்டுகளில் வேலிக்கு நூறு கலம் நெல் என்ற வீதமும் காணப்படுகிறது. பன்னிரு குறுணி ஒரு கலம், எட்டு நாழி ஒரு குறுணி, எட்டு ஆழாக்கு ஒரு நாழி என்னும் நெல்லிலக்க வாய்பாட்டால் கணக்கிட்டால், ஒரு கீழ்முந்திரி நிலத்துக்கு இறுக்க வேண்டிய நெல் சரியாக முக்கால் ஆழாக்கு. ஒரு பிடி நெல்தான். எனினும் அதற்குப் பெயரும் அளவும் இருந்தன. அந்தப் பிடி நெல் கொடுப்பவனுடையதா, கொள்பவனுடையதா என்று வழக்கு எழுந்தால் ஏடு விடை சொல்லும்.

திண்ணைப் பள்ளியின் எண்சுவடி இந்தப் பெயர்களைச் சிறுவர் நாவில் ஏற்றியது. முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம் என்று இரண்டிரண்டாகப் பிளந்து செல்லும் வரிசை ஒன்று. நாலுமா, மா, காணி, முந்திரி என்று இருபதையும் எண்பதையும் பற்றிச் செல்லும் வரிசை மற்றொன்று. பதினாறில் ஒன்று மாகாணி என்றும் வீசம் என்றும் வழங்கும். இந்தச் சிறுவர்களுக்கு 'மிச்சம்' என்று பொதுவாகச் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஒவ்வொரு மிச்சமும் ஒரு பெயருடன் வந்தது.

அதே மரபினர் கைக்கு எட்டாதவற்றை மதிப்பிடவும் தயங்கவில்லை. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எண்ணும் வழி உண்டு. காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் நூறாயின் சுளை நூற்றிருபது. எல்லாப் பழத்துக்கும் இது பொருந்துமென்று எவரும் வாதிடமாட்டார். ஆனாலும் மூடிய பழத்தை விலை பேசும் இருவருக்கு நடுவே இருவரும் ஒப்பும் ஓர் எண் வேண்டும். விதி அதைத் தருகிறது. சுளை குறைந்தால் வாங்கியவருக்கு இழப்பு, மிகுந்தால் விற்றவருக்கு இழப்பு. இங்கே 'ஏறத்தாழ' என்னும் சொல் முழுப்பொருளில் நிற்கிறது.

வட்டத்தின் சுற்றளவுக்கு அதே நூலில் வரும் விதி இன்னும் சிந்தனைக்குரியது. விட்டத்தை இரட்டித்து, நாலுமாவால் பெருக்கி, எட்டால் ஏற்ற வேண்டும். நாலுமா ஐந்தில் ஒன்று ஆதலால், விட்டத்தைப் போல் மூன்றே நாலுமா மடங்கு, அதாவது 3.2, என்றாகிறது. உண்மையோடு ஒப்பிட நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு மிகை. கி.பி. 499-லேயே ஆரியபடர் 20,000 விட்டத்துக்குச் சுற்றளவு 62,832 என்று சொல்லி, அதனையும் 'ஆசன்னம்', அதாவது அண்மையது, என்றே குறித்திருந்தார். இத்துணைத் துல்லியம் நாட்டில் இருக்கவும் கணக்கதிகாரம் 3.2 என்று ஏன் கொண்டது? அறியாமை என்று முடிவு கட்டுவது அவசரமாகும். நாலுமா எண்சுவடியில் உள்ள சொல். மனத்தில் நின்று பெருக்கவல்லது. 62,832-ஐ நெற்குதிரின் முன் நின்று பெருக்குவார் இல்லை. பெயருள்ள பின்னத்துக்கு எண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியதாகவே இவ்விதியைக் கொள்ளலாம். இன்றைய பள்ளிக் கணக்கு 'முழுமையாக்கல்' என்னும் செயலைப் பத்து, நூறு என்னும் இடங்களை நோக்கிச் செய்கிறது. அவர்கள் சொல்லை நோக்கிச் செய்தார்கள்.

பின்னர் வந்த ரூபாயும் இந்தக் கணக்குக்கு அயலாக இருக்கவில்லை. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஆகவே அணா என்பது ரூபாயில் வீசம். அணாவுக்கு நான்கு காலணா. பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா ஆதலால் ரூபாய்க்கு 192 தம்பிடி. மாகாணி வாய்பாடு படித்த கடைக்காரருக்கு அணாக் கணக்கு தாய்மொழி போன்றது.

1955-ல் நாணயச் சட்டம் திருத்தப்பட்டு, 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. பதினாறு நூறைச் சரியாக வகுக்காது. ஓர் அணா ஆறேகால் நயா பைசா. கால் நயா பைசாவுக்கு நாணயம் கிடையாது. எனவே சட்டமே விதி வகுத்தது: மாற்றும்போது எஞ்சும் பின்னம் அரையோ அரைக்குக் குறைவோ ஆனால் விடுக, அரைக்கு மேற்பட்டால் ஒன்றாகக் கொள்க. அந்த விதியில் பிறந்த அட்டவணைப்படி ஓர் அணா 6; இரண்டணா 12; மூன்றணா 19; நாலணா 25; ஐந்தணா 31; ஆறணா 37; ஏழணா 44; எட்டணா 50. பன்னிரண்டரை பன்னிரண்டானது, பதினெட்டேமுக்கால் பத்தொன்பதானது. தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் முழுமையாக்கல் அரசாணையின் வலிமையோடு நுழைந்த நாள் அது எனலாம். அறிய முடியாததை மதிப்பிடுதல் வேறு. அறிந்ததை, பெயருள்ளதை, விட்டுவிடுதல் வேறு. பலாப்பழத்தில் நடந்தது முதலாவது. இங்கு நடந்தது இரண்டாவது.

விதி நடுநிலையானதுதான். ஏறுவதும் உண்டு, தாழ்வதும் உண்டு. ஓர் அணாப் பொருளைப் புதுக்காசு கொடுத்து வாங்கியவருக்குக் கால் நயா பைசா இலாபம். பதினாறு முறை தனித்தனியே வாங்கினால் நூறுக்குப் பதில் 96 கொடுத்து முடிப்பார். மூன்றணாப் பொருளில் கால் நயா பைசா நட்டம். பெருந்தொகையில் இவை கண்ணுக்குத் தெரியா. நாலணா, எட்டணா, பன்னிரண்டணா மூன்றும் மிச்சமின்றியே மாறின.

ஆனால் அட்டவணையின் அடியைப் பார்க்க வேண்டும். காலணாவின் சரியான மதிப்பு 1.5625 நயா பைசா. தமிழ்ப் பின்னத்தில் அதற்குக் குறையற்ற பெயர் உண்டு: ஒன்றரையே வீசம். அந்த வீசம் அரையைத் தாண்டிவிட்டதால் காலணா இரண்டு நயா பைசாவாயிற்று. அரையணா மூன்றே அரைக்கால். அது 3 ஆயிற்று. முக்காலணா நாலரையே மூவீசம். அது 5 ஆயிற்று. காலணாப் பொருளை நான்கு முறை தனித்தனியே வாங்குகிறவர் எட்டு நயா பைசா கொடுப்பார். அதே அளவை ஒரே தடவையில் ஓர் அணாவுக்கு வாங்குகிறவர் கொடுப்பது ஆறு. அறுபத்து நான்கு முறை வாங்கினால் ஒரு ரூபாய்ப் பொருளுக்கு 128 நயா பைசா. மிகை நூற்றுக்கு இருபத்தெட்டு. வணிகர் அட்டவணையைத் தமக்கேற்ப வளைத்தனரா என்பது தனிக் கேள்வி. வளைக்காமல், சட்டத்தின் எழுத்துப்படி நடந்தாலே கணக்கு இதுதான். மொத்தமாக வாங்கக் கையில் காசில்லாமல் அன்றன்றைக்குக் காலணா, காலணாவாக வாங்கியவர் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவருக்கு அந்த 'ஏறத்தாழ'வில் ஏற்றம் மட்டுமே கிடைத்தது.

சீர்திருத்தமே தவறு என்பது இதன் கருத்தன்று. பள்ளிப்பிள்ளையின் சுமை குறைந்தது, கணக்கேடு எளிதாயிற்று. இலங்கையில் ரூபாய் 1872 முதலே நூறு சதமாக வழங்கியதால், யாழ்ப்பாணத்தார்க்கு இந்தத் தொல்லை பாட்டன் காலத்துப் பழங்கதை. இந்தியாவில் பழைய அணா நாணயங்கள் புதியவற்றோடு சில ஆண்டுகள் கலந்தே புழங்கின. 1958 முதல் கிலோவும் லிட்டரும் படிப்படியாக வந்து, 1962-க்குள் வீசையையும் படியையும் சட்டத்திலிருந்து நீக்கின. 1964 சூன் முதல் நாள் 'நயா' என்னும் அடைமொழியும் உதிர்ந்து வெறும் பைசா நின்றது.

கணக்கிலிருந்து போனவை பேச்சிலிருந்து உடனே போகவில்லை. முந்திரியின் மிகக் கீழ்ப்பட்ட பின்னமாகிய இம்மி, அளவு இன்னதென்று அறியாதார் வாயிலும் 'இம்மியும் பிசகாமல்' என்று வாழ்கிறது. ஓரணா, இரண்டணா, மூன்றணா என்ற பெயர்கள் புது நாணயங்களில் ஒட்டாமல் நழுவின; ஆறு பைசாவுக்கோ பத்தொன்பது பைசாவுக்கோ தனி நாணயம் இல்லை. மிச்சமின்றி மாறிய இரண்டு பெயர்கள் மட்டும் ஒட்டிக்கொண்டன. 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றுமே மக்கள் பல பத்தாண்டுகள் அழைத்து வந்தனர். 2011 சூன் 30-க்குப் பின் 25 பைசா நாணயம் செல்லாது என்று அரசு நிறுத்தியபோதும், நாளேடு படித்துவிட்டு 'நாலணா போயிற்று' என்றே பெரியவர்கள் சொல்லிக்கொண்டனர். அணாவின் கணக்கு ஒழிந்து அப்போது ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.