மார்னிங் ஸ்டார் பண்ணை வழக்குகள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள சொனோமா மாவட்ட நிர்வாகத்துக்கும், அங்குள்ள மார்னிங் ஸ்டார் பண்ணையில் கூடி வாழ்ந்த ஹிப்பிகளுக்கும் இடையே 1967ஆம் ஆண்டு தொடங்கிய சட்டப் போராட்டம் இப்பெயரால் குறிக்கப்படுகிறது. வியட்நாம் போரையும் நுகர்வு வாழ்க்கையையும் மறுத்து, நகரங்களை விட்டு வெளியேறிய இளைஞர்களே ஹிப்பிகள் எனப்பட்டனர். நிலத்தையும் உணவையும் உழைப்பையும் பொதுவாக்கிக்கொண்டு அவர்கள் அமைத்த குடியிருப்புகள் கம்யூன்கள் எனப்பட்டன.

லிமெலிட்டர்ஸ் என்ற நாட்டுப்புற இசைக்குழுவில் பெயர் பெற்றவரும் இசையியலில் முனைவர் பட்டம் பெற்றவருமான லூ காட்லீப், ஆக்ஸிடென்டல் என்னும் சிற்றூருக்கு அருகே, ஆப்பிள் தோப்புடன் கூடிய ஏறத்தாழ 32 ஏக்கர் நிலத்தை 1960களின் தொடக்கத்தில் வாங்கியிருந்தார். 1966இல் இசையமைப்பாளர் ராமோன் செண்டரும் வேறு சிலரும் அங்கே குடியேறியபின், வருவோர் எவரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பதே பண்ணையின் ஒரே விதியானது. சான்பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் இலவச உணவு வழங்கிவந்த டிக்கர்ஸ் குழுவினர் இத்தோப்பின் விளைச்சலைப் பயன்படுத்திக்கொண்டதும், 1967 கோடையில் அந்நகரை நோக்கி நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் திரண்டதும் சேர்ந்து, சில குடும்பங்களுக்கே போதுமான இடத்தில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுவந்து சேர்த்தன.

கழிப்பறைகள் போதவில்லை, திறந்த வெளியில் மலம் கழிக்கப்பட்டது, ஆடையின்றித் திரிந்தனர் என அக்கம்பக்கத்தார் புகார் கூறினர். இவற்றுள் சுகாதாரம் பற்றிய புகார் நியாயமானது என்பதை மறுக்க இயலாது. எனினும் நிர்வாகம் கழிப்பறை கட்டச் சொல்வதோடு நிற்காமல், குடியிருப்பையே கலைக்க முற்பட்டது. உரிமமின்றி முகாம் நடத்திச் சுகாதார விதிகளை மீறியதாகக் காட்லீப் 1967இல் கைது செய்யப்பட்டார். பிறர் பண்ணையில் தங்கக் கூடாது என்ற தடையாணையும் அடுத்து வந்தது. தம் நிலத்தில் நிற்பவரை விரட்டுவது தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று அவர் ஆணைக்குப் பணிய மறுத்ததால், நீதிமன்ற அவமதிப்புக்காக நாளொன்றுக்கு 500 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது.

நில உடைமையாளர் என்ற நிலையில்தான் தாம் தண்டிக்கப்படுகிறோம் என்பதால், அவ்வுடைமையையே துறந்துவிட முடிவு செய்த காட்லீப், 1969இல் பண்ணையைக் கடவுளுக்கு எழுதிவைத்தார். தந்திரம் என்று பலரும் இதைக் கருதினாலும், நிலம் எவருக்கும் சொந்தமாக முடியாது என்ற அவரது நம்பிக்கையின் நேரான விளைவாகவே இதைக் கொள்வது பொருந்தும். நீதிபதி கென்னத் ஐமன் அப்பத்திரத்தை ஏற்கவில்லை. சட்டத்தின் பார்வையில் சொத்து வைத்திருக்கும் தகுதி, மனிதர்களாகிய இயற்கை ஆட்களுக்கும், நிறுவனம் போன்று சட்டத்தால் உருவாக்கப்பட்ட செயற்கை ஆட்களுக்கும் மட்டுமே உண்டு. கடவுள் இவ்விரண்டில் எதுவும் அல்லர் என்பது தீர்ப்பின் சாரம். கோயில் தெய்வத்தைச் சொத்துடைய சட்டமுறை ஆளாக ஏற்று, அதன் சார்பில் அறங்காவலர் வழக்காட இடமளிக்கும் இந்தியச் சட்டத்தை அறிந்த வாசகருக்கு இத்தீர்ப்பு விந்தையாகத் தோன்றலாம். கலிபோர்னியாவிலோ சமய நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்திருந்தால் அது சொத்துடையதாக இருந்திருக்கும், ஆனால் அத்தகைய இடையாள் எவரையும் காட்லீப் வைக்கவில்லை. இதற்கிடையே, கடவுளுக்குக் கலிபோர்னியாவில் சொத்து இருப்பதாகச் செய்தி பரவியதும், மின்னல் தாக்கி வீடு சேதமுற்றதற்காகக் கடவுளிடம் இழப்பீடு கோரி ஒரு வழக்கும் தொடரப்பட்டது.

அடுத்துவந்த ஆண்டுகளில் நிர்வாகம் புல்டோசர்களைக் கொண்டு மார்னிங் ஸ்டாரின் குடில்களைத் திரும்பத் திரும்ப இடித்தது. அங்கிருந்து வெளியேறியோருக்கு ஓவியர் பில் வீலர் தமக்குச் சொந்தமான, அதே மாவட்டத்தின் வேறொரு பெரும் பண்ணையைத் திறந்துவிட்டிருந்தார். அலீசியா பே லாரல் எழுதி வரைந்த, பரவலாக விற்பனையான ‘லிவிங் ஆன் தி எர்த்’ என்ற நூல் உருவானது அங்கேதான். அப்பண்ணையும் கட்டட விதிகளின் பேரில் 1973இல் தரைமட்டமாக்கப்பட்டது.

சொனோமா வழக்குகளுக்கு அடியில் கிடந்த கேள்வி, உறவினர் அல்லாதோர் ஒரு குடும்பமாக வாழலாமா என்பது. அதற்கான விடைகள் பிற நீதிமன்றங்களிலேயே கிடைத்தன. ஹிப்பி கம்யூன்களைத் தடுக்கும் நோக்குடன், உறவற்றோர் சேர்ந்து வாழும் வீடுகளுக்கு அரசின் உணவு உதவியை மறுத்த சட்டப் பிரிவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் செல்லாததாக்கியது. ஆனால் மறு ஆண்டே, நியூயார்க் மாநிலத்தின் பெல் டெர் என்ற சிற்றூர், இருவருக்கு மேற்பட்ட உறவற்றோர் ஒரே வீட்டில் வசிக்க விதித்திருந்த தடையை அதே நீதிமன்றம் நிலைநிறுத்தியது. கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1980இல் இதற்கு மாறாக, சாண்டா பார்பரா நகரின் இத்தகைய விதி அந்தரங்க உரிமைக்கு எதிரானது எனத் தீர்த்தது. கட்டட விதிகளிலும் தளர்வு வந்தது: மெண்டசினோ மாவட்டத்தில் தம் கையால் வீடு கட்டிக்கொண்டோர் நடத்திய இயக்கத்தின் பயனாக, நாட்டுப்புறங்களில் உரிமையாளரே கட்டும் எளிய குடில்களுக்கெனத் தனி விதித்தொகுதி ஒன்றை மாநிலம் பின்னர் ஏற்படுத்தியது.