பார்வையற்ற நீதிபதியும் ஒரு பழைய வினாவும்

கோவை நீதிமன்றத்தில் 2009ஆம் ஆண்டு, முற்றிலும் பார்வையற்ற ஒருவர் நீதிபதியாகப் பொறுப்பேற்றார். சக்கரவர்த்தி என்பது அவர் பெயர். கொங்கு நாட்டு வழக்குகள் எத்தகையவை என்பதை நாம் அறிவோம். கிணற்று நீரில் முறை, வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை என்று எதை எடுத்தாலும் பத்திரமும் வரைபடமும் கூடவே வரும். அவற்றைக் காணாதவர் எப்படித் தீர்ப்பளிப்பார்?

இவ்வினா புதிதன்று. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் நகரின் காஜியாக விளங்கியவர் இமாம் இப்னு அபீ அஸ்ரூன் (ரஹ்). ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர். முதுமையில் அவர் பார்வை போயிற்று. காஜிக்குப் பார்வை வேண்டும், இன்றேல் வாதி யார், பிரதிவாதி யார் என்று எவ்வாறு பிரித்தறிவது என்பதே அம்மத்ஹபில் பெரும்பாலோர் முடிவு. இமாமவர்களோ, பார்வையற்றவர் காஜியாக இருப்பது கூடும் என்று தனி நூலே இயற்றினார்கள். தம் பதவியைக் காக்க எழுதியது என்று எவரும் எளிதில் சொல்லிவிடலாம். ஆயினும் அனுபவித்தவர் கூற்றுக்குரிய எடை அதற்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம். சுல்தான் ஸலாஹுத்தீன் அவரைப் பதவி நீக்கி மனம் நோகச் செய்ய விரும்பவில்லை. மகனையே துணையாக அமர்த்தினார். இமாமவர்கள் ஹிஜ்ரி 585இல் (கி.பி. 1189) மறைந்தார்கள்.

சுல்தான் காட்டிய பரிவைப் பின்னாளைய விதிகள் காட்டவில்லை. கோவையில் ஒருவர் நீதிபதியாகி ஐந்தாண்டு கழிந்த நிலையில், 2014இல், இதே தமிழகத்தில் வெளியான உரிமையியல் நீதிபதித் தேர்வு அறிவிப்பு, பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் இடம் என்றது. 70 விழுக்காடு குறைபாடுடைய ஒருவர் வழக்காடினார். வழக்கைக் கேட்டுத் தீர்ப்பெழுதப் பார்வையும் செவியும் பேச்சும் ஓரளவேனும் வேண்டும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2019இல் அவ்வரம்பை ஏற்றது.

நமக்கு இதில் உடன்பாடில்லை. மேல்முறையீட்டை விசாரிக்கும் நீதிபதி சாட்சியின் முகத்தைக் காண்பதே இல்லை. பதிவான வாக்குமூலத்தைக் கொண்டே முடிவு செய்கிறார். அதனால் அவர் தீர்ப்பு குறைபட்டுப் போகிறதா? தென்னாப்பிரிக்காவின் இந்திய வம்சாவளி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஸாக் யாகூப், பதினாறு மாதக் குழந்தையாயிருந்தபோதே பார்வையை இழந்தவர். அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றத்தில் 1998 முதல் 2013 வரை நீதிபதியாயிருந்தார். வீடற்ற ஏழைகளின் குடியிருப்பு உரிமை குறித்து 2000இல் வெளிவந்த புகழ்பெற்ற குரூட்பூம் தீர்ப்பு அவர் எழுதியதே.

2019 தீர்ப்பை இனி முன்மாதிரியாகக் கொள்ள இயலாது என்று உச்ச நீதிமன்றமே 2021இல் வேறொரு வழக்கில் சொல்லிற்று. பின்னர் மத்தியப் பிரதேசத்தில், பார்வையற்றோரை நீதிப் பணியிலிருந்து விலக்கிய விதியை எதிர்த்து ஒரு தாய் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அவர் மகன் நீதிபதியாக விரும்பிய பார்வையற்றவர். அக்கடிதமே வழக்காயிற்று. 2025 மார்ச் 3ஆம் நாள் அவ்விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி ஆர். மகாதேவன்.