அம்மாவுக்கு வந்த மார்பகப் புற்றுநோய் மகளுக்கும் வருமா? மலேசிய ஆய்வு சொல்வது என்ன

அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பகப் புற்றுநோய் வந்துவிட்டால், வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளின் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: அடுத்து நமக்கா? பல வீடுகளில் இக்கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படுவதே இல்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இந்தப் பேச்சு வெளியே போகக்கூடாது என்று பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள். அடக்கி வைத்ததால் நோய் வராமல் போனதில்லை.

தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2012-2016 அறிக்கைப்படி, மலேசியாவில் ஒரு லட்சம் பெண்களில் ஆண்டுக்கு 34.1 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. சீனப் பெண்களிடையே இது 40.7, இந்தியப் பெண்களிடையே 38.1, மலாய்ப் பெண்களிடையே 31.5. கவலை தரும் இன்னொரு கணக்கும் அதே அறிக்கையில் உண்டு. நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர், 47.9 விழுக்காட்டினர், மூன்றாம் நான்காம் கட்டத்தில்தான் நோய் கண்டறியப்பட்டவர்கள்.

குடும்பத்தில் ஒருவருக்கு வந்ததாலேயே அது பரம்பரை நோய் ஆகிவிடாது. மொத்த மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே ஒற்றை மரபணுக் குறைபாட்டால் தலைமுறை தலைமுறையாக வருபவை. அவற்றில் முக்கியமானவை இரண்டு: 17ஆவது குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ1, 13ஆவது குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ2. முதல் மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங் 1990இல் காட்டினார். சேதமடைந்த டிஎன்ஏவைப் பழுதுபார்ப்பது இந்த மரபணுக்களின் வேலை. அந்த வேலை நின்றால் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. பெற்றோரில் ஒருவரிடம் குறைபாடு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு உண்டு. அப்பா வழியாகவும் வரும். இதைத்தான் பலர் அறிவதில்லை. அப்பாவின் தங்கைக்கு வந்த நோயை "அது அந்தப் பக்கத்துச் சமாச்சாரம்" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

மலேசியாவில் இதைப் பெரிய அளவில் ஆராய்வது 'மைபிஆர்சிஏ' எனப்படும் மலேசிய மார்பகப் புற்றுநோய் மரபணு ஆய்வு. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2002இல் தொடங்கி, பின்னர் சுபாங் ஜெயா மருத்துவ மையத்திலும் நடந்து வருகிறது. 2001இல் நிறுவப்பட்டு இன்று கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற பெயரில் இயங்கும் அறநிறுவனம் இதை முன்னெடுக்கிறது. பேராசிரியர்கள் தியோ சூ ஹுவாங், யிப் செங் ஹார், நூர் ஆயிஷா தாயிப் ஆகியோர் இதில் முக்கியப் பங்காற்றியவர்கள். நோயுற்ற பெண்கள் மட்டுமல்ல, மெமோகிராம் எடுக்க வந்த நலமான பெண்களும் இரத்தம் கொடுத்து, குடும்ப விவரங்களைச் சொல்லிச் சேர்ந்துள்ளனர். 2018இல் வெளியான இதன் ஒரு பகுதியில் மட்டும் 7,663 பெண்கள். தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கும், உடற்பயிற்சி செய்பவர்களுக்கும், சோயா உணவு கூடுதலாக உண்பவர்களுக்கும் நோய் அபாயம் குறைவாக இருந்ததை அது காட்டியது.

நம் பெண்கள் இத்தகைய ஆய்வில் சேர்வதன் பயன் என்ன? உலகின் மரபணு விவரங்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களிடமிருந்து வந்தவை. ஓர் இந்தியப் பெண்ணின் மரபணுவில் மாற்றம் ஒன்று தென்பட்டால், அது ஆபத்தானதா, சாதாரணமானதா என்று முடிவு சொல்ல முடியாமல் மருத்துவர் கையைப் பிசையும் நிலை நம்மவர்களுக்கே அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க ஆட்கள் போதாததுதான் காரணம். பல சிறு மரபணு மாற்றங்களைக் கூட்டி அபாயத்தை மதிப்பிடும் முறை ஆசியப் பெண்களுக்குப் பொருந்துமா என்பதை 2020இல் மலேசிய ஆய்வாளர்கள் பங்குகொண்ட குழு 45 ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்துப் பார்த்தது. பொருந்துகிறது என்றே முடிவு வந்தது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலைய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட செய்தியும் நமக்கு நெருக்கமானது. யூதர்களிடம் பரவலாக அறியப்பட்ட பிஆர்சிஏ1 மாற்றம் ஒன்று, தென்னிந்தியக் குடும்பங்களிலும் அடிக்கடி காணப்படுவதை அவர்கள் கண்டார்கள். நம்மில் பலருடைய பாட்டன் பாட்டி கப்பலேறியது அந்த மண்ணிலிருந்துதான்.

மருத்துவர் முதலில் கேட்பது குடும்ப வரலாறு. தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இங்கேதான் சிக்கல். தோட்டம் துண்டாடப்பட்டு, பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் பிரிந்து போனபின், பாட்டி எதனால் இறந்தார் என்று சொல்ல ஆளில்லை. "வயிறு வீங்கிச் செத்தாங்க" என்பதே பல வீடுகளில் மிஞ்சிய தகவல். அது கருப்பைப் பக்கத்துச் சினைப்பைப் புற்றுநோயாகவும் இருந்திருக்கலாம். பிஆர்சிஏ குறைபாடு அதையும் கொண்டுவரும். ஆகவே மூத்த அத்தை ஒருவர் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வைப்பது நல்லது: யாருக்கு, எந்தப் பக்கத்தில், எந்த உறுப்பில், எத்தனை வயதில்.

ஒரே பக்கத்தில் பலருக்கு மார்பகப் புற்றுநோய், 50 வயதுக்கு முன்பே வந்தது, இரு மார்பகங்களிலும் வந்தது, ஆணுக்கு வந்தது, சினைப்பைப் புற்றுநோயும் சேர்ந்திருப்பது: இவற்றில் ஏதேனும் இருந்தால் மரபணு ஆலோசனை கேட்கலாம். அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் சொல்லி, மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். இயன்றவரை சோதனையை நோய் கண்ட உறவினரிடமிருந்து தொடங்குவதே முறை. அவரிடம் குறைபாடு உறுதியானால், மற்றவர்களிடம் அதை மட்டும் தேடினால் போதும். அக்குறைபாடு இல்லாத மகளின் அபாயம், ஏறக்குறைய மற்றப் பெண்களுடையதைப் போன்றதே. பயந்து சோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் இந்த நிம்மதியையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

குறைபாடு இருந்தால்? ஏறக்குறைய பத்தாயிரம் பெண்களைத் தொடர்ந்த 2017 ஆய்வில், 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1க்கு 72 விழுக்காடு, பிஆர்சிஏ2க்கு 69 விழுக்காடு. சினைப்பைக்கு முறையே 44, 17. அவர்கள் பெரும்பாலும் மேற்கத்தியப் பெண்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இவர்களுக்கு 25 வயது முதல் எம்ஆர்ஐ, 30 முதல் மெமோகிராமும் சேர்த்து ஆண்டுதோறும் பரிசோதனை என்பது அனைத்துலக வழிகாட்டி. பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளையும் குழாய்களையும் அகற்றுவது உயிர்காக்கும் வழி. மார்பகங்களை அகற்றுவதும் ஒரு தேர்வு, கட்டாயம் இல்லை.

குடும்ப வரலாறு இல்லாதவர்களும் கைவிடப்பட்டவர்கள் அல்லர். மெமோகிராமுக்கு எல்பிபிகேஎன் உதவித்தொகைத் திட்டமும், சந்தாதாரர்களுக்கு சொக்சோவின் உடல்நலப் பரிசோதனைத் திட்டமும் உள்ளன. தகுதி விதிகள் அவ்வப்போது மாறுவதால் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. கிள்ளானிலிருந்து சுபாங் ஜெயாவுக்கு கேடிஎம் ரயில் ஒன்றே போதும். பிரிக்பீல்ட்ஸ் மக்களுக்கு கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறி யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கினால் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை பக்கத்தில்தான்.