டாக்டர் பல்ப்புவும் நாமும்

பொன்முடி மலையுச்சியில் நிற்கும்போது, கிழக்கே உயர்ந்து செல்லும் மலைத்தொடருக்கு அப்பால் தமிழகம் இருக்கிறது. மேற்கே சரிவு இறங்கித் திருவனந்தபுரத்தையும் கடலையும் நோக்கிச் செல்கிறது. விடுமுறை நாள்களில் மனைவி மக்களுடன் அங்கே செல்லும் நாம், மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் என்பதை எண்ணாமல் திரும்புவதில்லை. தோட்டத் தொழிலுக்கு வந்தோரும், சாலைக் கடைவீதியில் வாணிகம் செய்ய வந்தோரும், அரசு அலுவலின் பொருட்டு மாற்றலாகி வந்தோரும் நம்முள் உளர். சொந்த ஊரைப் பிரிந்த துயரம் நமக்கே உரியது என்று நாம் கருதிவிடுகிறோம். ஆனால் இதே திருவனந்தபுரத்தில் பிறந்து, இங்கே இடம் கிடைக்காமல் அயல்நாடு சென்று வாழ்ந்த மருத்துவர் ஒருவரின் வரலாறு, நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

டாக்டர் பல்ப்பு 1863ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் திருவனந்தபுரம் பேட்டையில் ஈழவர் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தமையனார் வேலாயுதன் பி.ஏ. பட்டம் பெற்றும் திருவிதாங்கூரில் வேலை கிடைக்காமல் சென்னை அரசுப் பணியை நாடினார். தம்பிக்கும் அதே கதி நேர்ந்தது. மருத்துவக் கல்விக்குத் திருவிதாங்கூர் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று தேறித் தாயகம் திரும்பினார். அப்போதும் சாதியின் பெயரால் பணி மறுக்கப்பட்டது. நோயைத் தீர்க்கும் கையைப் பிறப்பைக் காட்டித் தள்ளிய காலம் அது. முடிவில் மைசூர் அரசு அவரை ஏற்றுக்கொண்டது. பெங்களூர் அவருடைய வாழ்விடம் ஆயிற்று.

இங்கே நாம் மறைக்கக்கூடாத உண்மை ஒன்று உண்டு. அந்நாளில் திருவிதாங்கூரின் உயர் அலுவல்களில் பெரும்பகுதி, தஞ்சை முதலிய பகுதிகளிலிருந்து வந்த பிராமண அலுவலர்களிடம் இருந்தது. மண்ணின் மக்கள் அவர்களைப் பரதேசிகள் என்றனர். 1891ஆம் ஆண்டு 10,028 பேர் கையொப்பமிட்டு மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் அளித்த ‘மலையாளி மெமோரியல்’ என்னும் விண்ணப்பம், இந்நிலையை எதிர்த்தே எழுந்தது. அதில் பல்ப்புவும் கையொப்பமிட்டார். மலை கடந்து வந்தவர்கள் இருக்கைகளில் அமர்ந்திருக்க, இம்மண்ணின் மைந்தர் மைசூருக்குப் புலம்பெயர்ந்தார். எனினும் குற்றம் வந்தவர்களுடையது மட்டுமன்று. உள்ளூர் மேற்சாதியாரும் ஈழவர்க்கு இடந்தர விரும்பவில்லை. ஆகவே 1896இல் பல்ப்பு 13,176 ஈழவரின் கையொப்பங்களைத் திரட்டிப் பள்ளிகளும் அரசுப் பணிகளும் தம் மக்களுக்குத் திறக்கப்பட வேண்டும் என மற்றொரு விண்ணப்பம் அளிக்கச் செய்தார். அதற்கும் பயன் கிட்டவில்லை.

தம்மைத் தள்ளிய ஊரை மறந்து, நல்ல ஊதியத்தோடு அவர் அமைதியாக வாழ்ந்திருக்கலாம். பெங்களூரில் 1898இல் பிளேக் பரவியபோது, உயிருக்கு அஞ்சாமல் நோயாளர் முகாம்களில் பணி செய்தார். பின்னர் இங்கிலாந்து சென்றும் பயின்றார். இத்தனைக்கும் இடையே அவர் நெஞ்சம் திருவிதாங்கூரிலேயே இருந்தது. நாராயண குருவின் இளம் சீடர் ஒருவரைத் தம் பெங்களூர் இல்லத்தில் வைத்து, சொந்த மகனைப் போலப் பேணி வடமொழி பயிலச் செய்தார். அவ்விளைஞரே பின்னாளில் மலையாளத்தின் மாபெரும் கவிஞராகத் திகழ்ந்த குமாரன் ஆசான். 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் உருவானபோது குரு அதன் தலைவரானார், ஆசான் செயலாளரானார். அதன் பின்னால் நின்ற ஊக்கம் பெங்களூர் மருத்துவருடையது.

அந்தக் குருவுக்கு யோகம் பயிற்றிய தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. அவரும் இங்கே அலுவல் பார்க்க வந்தவரே. வந்த இடத்தில் பதவியை மட்டும் பற்றிக்கொண்டோரும் உண்டு. தாம் கற்றதைச் சாதி பாராது வழங்கிய அய்யாவு போன்றோரும் உண்டு. இவ்விரு வழிகளில் நாம் எதைத் தேர்கிறோம் என்பதே வினா.

பல்ப்புவின் மக்களும் தந்தையின் வழியை மறந்தாரல்லர். 1895இல் பெங்களூரில் பிறந்த நடராஜன், நாராயண குருவின் சீடராகி 1923இல் நீலகிரியில் நாராயண குருகுலத்தை நிறுவினார். நடராஜ குரு என்று உலகம் அவரை அறிந்தது. அயலூரில் பிறந்த பிள்ளை, தந்தையின் ஊரில் தோன்றிய ஞானத்தைத் தன் உடைமையாகக் கொண்டது அந்த இல்லத்தின் வளர்ப்பினாலன்றோ? நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லையே என்று வருந்தும் நாம், நம் வீட்டில் என்ன வளர்க்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

1950ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் டாக்டர் பல்ப்பு மறைந்தார். மறுநாள் நம் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பணியில் அனைவர்க்கும் சமவாய்ப்பு என்பதை அதன் 16ஆம் பிரிவு உறுதி செய்தது. அவர் கேட்ட நீதி, அவர் கண்மூடிய மறுநாள் நாட்டின் சட்டமாயிற்று. மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் மேசையில் அமர்ந்து நாம் இன்று கோப்புகளைப் புரட்டுவதும் அச்சட்டத்தின் நிழலிலேயே. வந்தேறிகளாகிய நமக்கு இம்மண் இடந்தந்திருக்கிறது. நம் மேசைக்கு முன் விண்ணப்பத்தோடு வந்து நிற்கும் எவரையும் பேட்டையிற் பிறந்த அந்த இளம் மருத்துவராக எண்ணி நடப்போமாயின், பட்ட கடனில் ஒரு சிறுபகுதியேனும் தீரும்.